உத்தரத்துக்கு அடியில் ஜீப்

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறியா?"

"எனக்கெதுக்குங்க? இந்த யானைய நீங்களே மேய்ச்சுக்கோங்க."

"இல்லம்மா, கத்துக்கிட்டா ஈசிதான். நான் சொல்லித் தர்றேன்."

"ஐயோ, ஆள விடுங்க. உயிரே போனாலும் இதோட ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன். இனிமே என்னைக் கேக்கவும் கேக்காதீங்க."

"சரி."

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஜீப் வீட்டுக்கு வந்த அன்று நடந்த பேச்சு இது. அந்தக் கடைசி 'சரி'யை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். வேறொரு புருஷனாக இருந்தால் மறுநாள் இன்னொரு தடவை கேட்டிருப்பான். அதற்கு மறுநாள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பான். அவளுக்கு வாய்த்தவரோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையிலிருந்து இரவு வரை எழுத்துப் பலகையைக் காட்டி, 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்பதே தொழில். தெரியவில்லை என்று சொன்னால் தெரியவில்லை என்று எழுதிக்கொள்வார். 'இல்லை, உங்களுக்குத் தெரியும், பயப்படாமல் சொல்லுங்கள்' என்று யாரையும் வற்புறுத்த மாட்டார். வீட்டிலும் அதே நியாயம்தான். மனைவி வேண்டாம் என்றாள், எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டதோடு விட்டாரா? போகிற வருகிற இடமெல்லாம் சொல்லியும் வைத்தார். "எங்க வீட்ல அவங்களுக்கு ஜீப்புன்னாலே ஆகாது. ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாங்க!" மனைவியின் கொள்கைப் பிடிப்பில் அவருக்கு அவ்வளவு பெருமை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்துநாலு வீட்டுக்கும் இது தெரியும். பால்காரருக்கும் தெரியும்.

சத்தியம் பண்ணியவளின் ஆசை ஒரு குடையால் கிளம்பியது. ஒரு மழை நாள் சாயங்காலம், ஜீப்பில் மறந்து வைத்த குடையை எடுக்கக் கீழே போனாள். குடை எங்கேயோ இருக்கைக்கு அடியில் உருண்டிருந்தது. தேடுகிற சாக்கில் ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தவள், தலையை நிமிர்த்தியதும் அப்படியே இருந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் மற்ற கார்களின் கூரையெல்லாம் காலடியில் தெரிந்தது. மதில்சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தெரு சலூன்காரர் ஷட்டரை இறக்குவது தெரிந்தது. இத்தனை வருடம் மதில் என்று நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவு குட்டையா? இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தாள். அது அவளுக்காகவே செய்த மாதிரி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு நிமிடம் கழித்து வெட்கமாகிப்போய், கைரேகையைத் துடைத்துவிட்டு இறங்கினாள். குடையை எடுக்க மறந்துவிட்டாள்.

அடுத்த மாதமே மதிய இடைவேளையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பதினாறு வருடமாக, அழுகிற குழந்தையிலிருந்து மயங்கி விழுகிற பயில்வான் வரை நரம்பு தேடி ஊசி போட்ட கை அது. நடுங்காது, அவசரப்படாது. தீப்பெட்டி போன்ற சின்னக் காரில் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர், "கிளட்ச்ச இவ்ளோ அழகாப் பாதியில நிறுத்திப் பிடிக்கறவங்கள நான் பாத்ததே இல்ல மேடம். வண்டி தூங்கற மாதிரி நகருது" என்றார். லைசென்ஸ் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பரிசோதனைக் கூடத்து மேஜை இழுப்பறையில், பஞ்சுப் பொட்டலத்துக்கு நடுவில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். 'ஜீப்ப நான் ஓட்டட்டுமா?' மூன்றே வார்த்தை. ஆனால் அதைக் கேட்டால், மூன்று வருடமாக ஊரெல்லாம் கொடிகட்டிப் பறக்கிற தன் சத்தியத்தைத் தன் வாயாலேயே இறக்க வேண்டும். அதுவும் எதற்கெடுத்தாலும் குத்தலாகப் பேசும் நாத்தனார் முன்னால்!

முயற்சி செய்யாமல் இல்லை. சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறாள்.

"என்னங்க..."

"சொல்லும்மா."

"...உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கே."

வாயைத் திறக்கும்போது ஜீப்பாக இருப்பது வெளியே வரும்போது உப்பாகிவிடும். கடைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு தடவை, தூங்கப் போகும்போது ஒரு தடவை, ஒரு தடவை போனில்கூட. எட்டு மாதம் தொடர்ந்து உப்பைப் பற்றியே விசாரிக்கப்பட்ட கண்ணாடிக்காரர், தன் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பதை மனைவி மறைக்கிறாள் என்று முடிவு கட்டி, ரகசியமாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதிலும் சந்தேகம் தீராமல் ஊறுகாயை நிறுத்திவிட்டார்.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கேரியர் வந்து இறங்கியது. ஜீப்பின் கூரை மேல் மாட்டுகிற, இரும்புக் கட்டில் போன்ற கேரியர். அடுத்த வாரம் ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். கூடாரம், கட்டில், அடுப்பு எல்லாம் கூரை மேல்தான் போகுமாம். காடு மலை ஏறுவதற்கென்றே செய்த அந்த ஜீப் இதுவரை பார்த்த மேடுபள்ளம், கண்ணாடிக் கடைக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை ஒன்றுதான். அதையும் அவர் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்.

"மாமா, இத மாட்டறதுக்கு அரை மணி நேரம் போதும். தள்ளுங்க," என்று சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தான் அவளுடைய தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர். தொண்ணூற்று நாலு கிலோ. எதைத் தொட்டாலும் அதன் ஆயுளில் கொஞ்சம் குறையும்.

"இருடா. முதல்ல அளவு," என்றார் கண்ணாடிக்காரர்.

குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. வெளியே போகிற வாசலுக்குக் குறுக்கே, தலைக்கு மேல் ஒரு சிமென்ட் உத்தரம். ஜீப் இப்போது ஒரு மீட்டர் தொண்ணூற்றேழு. கேரியர் பதினேழு. கூட்டினால் இரண்டு மீட்டர் பதினாலு. உத்தரத்துக்கு அடியில் அதற்கு மேல் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடலாம் என்பது அவர் கட்சி. இரண்டு கருவிழிக்கு நடுவிலுள்ள தூரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவர். அளவில் அவரை யாரும் அசைத்ததில்லை.

அவள் முக்காலி மேல் ஏறி டேப்பின் நுனியை மேலே பிடித்துக்கொண்டாள். அவர் கீழே முட்டி போட்டுத் தரையில் டேப்பை அழுத்தினார். தம்பி பெட்டியைப் பிரிக்கப் போயிருந்தான். அந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். மேலேயிருந்து பார்க்க அவர் வழுக்கைத் தலை மட்டும் அப்பாவியாகத் தெரிந்தது. 'கண்ணைப் பார்த்தால்தானே வாய் கட்டிக்கொள்கிறது? தலையைப் பார்த்துக் கேட்டுவிடலாமே' என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னங்க..."

"ம்?"

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"...உப்பு..."

"ஊறுகாய நிறுத்தி ஒரு மாசம் ஆச்சும்மா," என்றார் அவர் பாவமாக. "மேல சரியாப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு மீட்டர் இருபத்தொண்ணு! ஏழு சென்டிமீட்டர் மிச்சம். ராஜா மாதிரி போலாம்."

அவளுடைய கை அந்த யோசனையில் உத்தரத்தைத் தாண்டி, அதற்குப் பின்னால் பத்து சென்டிமீட்டர் கூடுதல் உயரத்திலிருந்த கூரையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

அரை மணி நேர வேலை என்றானே, அது இரண்டரை மணி நேரம் நடந்தது. செய்முறைத் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் படம். படத்திலிருந்த மனிதன் சிரித்துக்கொண்டே ஒற்றை ஆளாகக் கேரியரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து ரோஷம் வந்த தம்பி, தானும் ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தான். பன்னிரண்டு கிளாம்பையும் கூரை விளிம்பில் மாட்டி, அத்தனை நட்டையும் முறுக்கி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏண்டா, காத்தத் தடுக்கற தகடு பின்பக்கம் இருக்கே. ஜீப்ப ரிவர்ஸ்லயே ஏரிக்கு ஓட்டிட்டுப் போகப் போறியா?"

இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். கண்ணாடிக்காரரின் அக்கா. கையில் காபி டம்ளர், காலில் வீட்டுச் செருப்பு. யார் வீட்டில் என்ன தப்பு நடந்தாலும் டம்ளரோடு வந்து சேருகிற வரம் பெற்றவர்.

எல்லாவற்றையும் கழற்றி, கேரியரைத் திருப்பி, மறுபடி மாட்டினார்கள். கடைசியாகக் கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நாலு போல்ட்.

"இது ஸ்பெஷல். தனியாச் சொல்லி வாங்கினேன். முறுக்கி முடிச்சதும் தலை தானா உடைஞ்சு விழுந்துடும். அதுக்கப்புறம் எந்தத் திருடனாலயும் கழட்ட முடியாது!"

"நம்மளால?" என்று கேட்டாள் அவள்.

"நாம எதுக்குக் கழட்டணும்?"

டக், டக், டக், டக் என்று நாலு தலையும் உடைந்து விழுந்தன. தம்பி கை தட்டினான். கண்ணாடிக்காரர் ஜீப்பில் ஏறி, கேரியரோடு தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வர, வாசலை நோக்கி ஊர்ந்தார்.

முதலில் ஒரு மெல்லிய கிரீச். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். சாய்ந்திருந்த காற்றுத் தகடு உத்தரத்துக்கு அடியில் மடங்கிப் போய், அந்தப் பக்கம் 'பொய்ங்' என்று நிமிர்ந்துகொண்டது. அதற்குப் பின்னாலிருந்த இரும்புக் குழாய் உத்தரத்தில் முட்டி நின்றது. முன்னால் போனால் குழாய் இடித்தது. பின்னால் வந்தால் தகடு கொக்கி போட்டது. வாசலின் சரி பாதியில், கழுத்து மாட்டிய ஆடு மாதிரி நின்றது ஜீப்.

"கேரியரக் கழட்டிடலாம் மாமா," என்றான் தம்பி.

தரையில் கிடந்த நாலு போல்ட் தலைகளையும் நாலு பேரும் பார்த்தார்கள்.

"திருடன் வந்தாக்கூடப் பரவால்ல, உதவி கேக்கலாம்," என்றார் நாத்தனார், காபியை உறிஞ்சியபடி.

அந்த நேரம் பார்த்து ஜீப்புக்குப் பின்னால் ஒரு ஹாரன் ஒலித்தது. முதல் மாடி ஐஸ்கிரீம்காரர், தன் குட்டி வேனில். நல்ல கனமான மனிதர். அவர் சிரித்தால் வேன் குலுங்கும். இப்போது சிரிக்கவில்லை.

"சார், பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முந்நூறு கப்பு போய்ச் சேரணும். ஐஸ்கட்டிய நம்பித்தான் வெச்சிருக்கேன். ஜீப்பக் கொஞ்சம் எடுங்க."

"எடுக்கத்தான் பாக்கறோம்," என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தானே முக்காலி மேல் ஏறி, உத்தரத்தை அளந்தார். இரண்டு மீட்டர் பதினொன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். அதே பதினொன்று. ஓரத்தில் அளந்தார், நடுவில் அளந்தார். பிறகு முக்காலி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் மெதுவாக. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மில்லிமீட்டர் தப்பினதில்ல. இன்னிக்கு முழுசாப் பத்து சென்டிமீட்டர். என் கண்ணு போயிடுச்சு. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டு என் கண்ணப் பாக்காம விட்டுட்டேன்."

"மாமா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசானா அப்படித்தான்," என்று ஆறுதல் சொன்னான் தம்பி.

"கடைய மூடிடறேன்," என்றார் அவர்.

எந்த இடத்தில் தப்பு நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூரையைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். ஊசி போடும்போது ஒரு நூல் பிசகாத கை!

"தப்பு உங்களது இல்லங்க," என்றாள். "டேப்போட நுனிய நான்தான் உத்தரத்தத் தாண்டி மேல பிடிச்சிட்டேன்."

அவர் தலை நிமிர்ந்தது. "நெஜமாவா?"

"நெஜமா."

"அப்போ என் கண்ணு நல்லாருக்கு?"

"உங்க கண்ணுக்கு என்ன, கழுகுக் கண்ணு."

முக்காலியிலிருந்து துள்ளி இறங்கினார். ஜீப் உத்தரத்தில் மாட்டியிருப்பது, முந்நூறு கப் உருகிக்கொண்டிருப்பது, அக்கா நக்கலாகப் பார்ப்பது எதுவும் அவருக்குப் பொருட்டாக இல்லை. மனைவியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்மா," என்றார். வாழ்க்கையில் தப்புப் பண்ணியதற்கு நன்றி வாங்கியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆனா நீ எப்படி? உன் கை தப்பாதே. என்ன யோசிச்சுட்டு இருந்தே?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு..."

"என்ன?"

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். தம்பியும் காதைத் தீட்டிக்கொண்டான்.

"உருகுது சார்!" என்று வேனிலிருந்து அலறினார் ஐஸ்கிரீம்காரர்.

"அப்புறம் சொல்றேங்க," என்றாள் அவள். நூலிழையில் தப்பிய மாதிரியும் இருந்தது, தவறவிட்ட மாதிரியும் இருந்தது.

கண்ணாடிக்காரர் இப்போது புது மனிதர். கண் திரும்பக் கிடைத்தவர். "மூணு சென்டிமீட்டர்தான் இடிக்குது. டயர்ல பாதிக் காத்த எறக்கினா ஒண்ணரை போகும். மிச்சத்துக்கு ஜீப் மேல பாரம் ஏத்தணும். ஸ்பிரிங் அமுங்கி ஜீப் கீழ எறங்கும். எத்தனை கிலோ வேணும்னு கணக்குப் போடறேன். எல்லாரும் அவங்கவங்க எடையச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி நாலு. அத்தனையும் தசை," என்றான் தம்பி.

"நூத்திப் பதினெட்டு. தசைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் ஐஸ்கிரீம்காரர். "உள்ளதச் சொன்னா, நம்ம சரக்குதான்."

"அம்பத்தொம்போது," என்றாள் அவள்.

நாத்தனார் மதில்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நான் எதுக்குடா? நான் சும்மா காபி குடிக்க வந்தேன்."

"ஏறித்தான் ஆகணும். எடையச் சொல்லு, கணக்கு வரணும்."

"அம்பதுன்னு போட்டுக்கோ."

"அக்கா, இது விஞ்ஞானம்."

"உன் பொண்டாட்டியக் கேளு. போன மாசம் அவதான் லேப்ல என்னை மெஷின் மேல ஏத்தினா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து நின்றாள். "நோயாளியோட விவரத்த வெளிய சொல்லக்கூடாது. அது எங்க தொழில் தர்மம்."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாத்தனார் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பிறகு கண்ணாடிக்காரரின் காதைப் பிடித்து இழுத்து, அதில் ஒரு எண்ணைச் சொன்னார். அவர் புருவம் ஏறியது.

"புருவத்த எறக்குடா," என்றார் நாத்தனார்.

கணக்கு முடிந்தது. எல்லோரும் ஏறினாலும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வேனிலிருந்து ஐஸ்கிரீம் பெட்டிகளும் ஜீப்பின் பின்புறத்துக்கு மாறின. எடைக்கு எடையும் ஆச்சு, ஜீப் வெளியே போனால் சரக்கும் அப்படியே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஐஸ்கிரீம்காரருக்கே அந்த யோசனை பிடித்திருந்தது. ஏற்கெனவே உருகத் தொடங்கியிருந்த நாலு கப்பை மட்டும் ஆளுக்கொன்றாகக் கையில் திணித்தார். "வீணாப் போக வேணாம். சாப்பிடுங்க, அதுவும் எடைதான்."

தம்பி டயர்களில் காற்றை இறக்கினான். உஸ்ஸ்ஸ் என்று ஜீப் அலுத்துக்கொண்டு தணிந்தது. பின் இருக்கையில் ஒரு ஓரம் ஐஸ்கிரீம்காரர் ஏறினார். ஜீப் முனகியது. மறு ஓரம் நாத்தனார். ஜீப் அமைதியாக ஏற்றுக்கொண்டது. நடுவில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் அவள், மடியில் ஐஸ்கிரீமோடு. இரண்டு தலையணைக்கு நடுவில் சொருகிய புத்தகம் மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரர் வாசலுக்கு வெளியே ஜீப்புக்குப் பக்கவாட்டில் ஏணி போட்டு, உத்தரத்துக்கும் கேரியருக்கும் நடுவில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தார். "குழாய்க்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி தெரியுது!" என்றார் பரவசமாக. "தகடு அதிராம நான் இங்கேருந்து அமுத்திப் பிடிச்சுக்கறேன். நான் சொல்லச் சொல்ல வண்டி எறும்பு மாதிரி நகரணும். ஒரு குலுங்கல் குலுங்கினா ஸ்பிரிங் எகிறி, கேரியர் நசுங்கிடும். நசுங்கினா இன்னிக்கு ஜீப் இங்கதான்."

எல்லாம் சரி. யார் ஓட்டுவது?

இந்தக் கேள்வி அங்கே இருந்த யாருக்கும் அதுவரை தோன்றவே இல்லை. ஜீப்பை ஓட்டுவது என்றால் கண்ணாடிக்காரர்தான். மூன்று வருடத்தில் வேறு யாரும் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை, குடை தேடிய ஒருத்தியைத் தவிர. ஆனால் இடைவெளி பார்க்க அவர் கண்ணை விட்டால் வேறு கண் இல்லை.

"இதுல என்ன யோசனை மாமா? நான் ஓட்டறேன்," என்றான் தம்பி, கடைசி வாய் ஐஸ்கிரீமை வழித்துப் போட்டுக்கொண்டு. "சாவியப் போடுங்க."

அவள் ஸ்பூனைக் கப்பிலேயே குத்தி வைத்தாள். இவன் ஓட்டுவதா? இவன் பிரேக்கை மிதிப்பது கரப்பான்பூச்சியை மிதிப்பது மாதிரி. இவன் கிளட்ச்சை விட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அடுத்த தெருவில் போய் விழுவான். கேரியர் நசுங்குவது இருக்கட்டும். அவரைத் தவிர முதன்முதலாக அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை இவனுடையதா? ஒரு தடவை அவன் ஓட்டிவிட்டால் பிறகு அவனே எப்போதும் கேட்பான், அவரும் கொடுப்பார், ஏரிக்கும் அவனே ஓட்டுவான். எட்டு மாதமாக உப்புக் கேட்டுக்கொண்டிருப்பவள் ஆயுளுக்கும் உப்பே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"உனக்கு கிளட்ச் மெதுவா விட வருமாடா?" என்று ஏணி மேலிருந்து கேட்டார் கண்ணாடிக்காரர்.

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

"கண்ணுல மருந்து விடற மாதிரி."

"நான் மருந்து விட்டா பாட்டிலே காலியாயிடும் மாமா. பரவால்ல, பாத்துக்கலாம்."

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். வேறு வழியில்லாத மனிதரின் பெருமூச்சு. ஒரு கையால் தகட்டை அழுத்திக்கொண்டு, மறு கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். சாவி வெளியே வந்தது. தம்பி ஏணிக்குக் கீழே உள்ளங்கையை விரித்தான்.

"இருங்க!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலிருந்த நாத்தனார் திடுக்கிட்டதில் ஜீப் ஒரு மில்லிமீட்டர் ஆடியது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். பிறகு, "என்னம்மா?" என்றார்.

எழுந்திருக்கலாம் என்றால் இடமில்லை. எழுந்தால் ஐம்பத்தொன்பது கிலோ குறையும். அதனால் இரண்டு தலையணைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலையிலேயே, கழுத்தை மட்டும் எட்டும்வரை முன்னால் நீட்டினாள். ஏணி மேலிருந்து அவர் குனிந்து பார்த்ததில், முன் கண்ணாடி வழியாக அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்ததால் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"காலையில டேப்பப் பிடிச்சுட்டு இருந்தப்ப ஒண்ணு கேக்க வந்தேன்னு சொன்னேன்ல?"

"ஆமா. அப்புறம் சொல்றேன்னியே."

"எல்லாரும் இருக்காங்க. பரவால்ல, இருக்கட்டும்." நாத்தனார் கப்பைக் கீழே வைப்பது தெரிந்தது. ஐஸ்கிரீம்காரர் மூச்சுப் பிடித்துக்கொண்டார். "லேப்ல என் டிராயர்ல எட்டு மாசமா ஒரு லைசென்ஸ் கிடக்குது. என்னோடதுதான். தொட மாட்டேன்னு சொன்னது நான்தான், இனிமே என்னைக் கேக்காதீங்கன்னு சொன்னதும் நான்தான். அதனால இப்ப நானே கேக்கறேன். சாவிய அவன்கிட்ட குடுக்காதீங்க. இந்த ஜீப்ப நான் ஓட்டட்டுமாங்க?"